ஏட்டெண்

நண்பர் ஒருவர் பிடிவாதமாக நடத்திவரும் காலாண்டுப் பத்திரிகையின் சந்தாக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை, கணக்கில் எனக்குள்ள தேர்ச்சியை உத்தேசித்தல்ல, உத்தியோகத்திலிருந்து விடுபட்டபின் எனக்கு வாய்த்திருக்கும் ஓய்வை உத்தேசித்து, சென்ற மார்கழியில் அவர் என்னிடம் ஒப்புவித்தார். கணக்கு இரண்டு எக்செல் கோப்புகளாக வந்து சேர்ந்தது. ஒன்றில் சந்தாதாரர்களின் பெயரும் விலாசமும். மற்றொன்றில் பணம் வந்த தேதியும், தொகையும், அனுப்பியவர் பெயரும். முதலாவது, நண்பர் தம் கையாலேயே பல வருஷங்களாகச் சேர்த்தது. இரண்டாவது, வங்கிக் கணக்கைப் பார்த்து அவருடைய மருமகள் தட்டச்சு செய்து கொடுத்தது. யார் சந்தா கட்டியிருக்கிறார், யார் கட்டவில்லை என்று அறிய வேண்டுமானால் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாக வேண்டும். இரண்டிலும் பொதுவாக இருந்தது பெயர் ஒன்றுதான். அது போதுமே என்று நான் எண்ணினேன்.

போதவில்லை. நண்பரின் தாளில் எஸ். சண்முகம் என்றிருப்பவர், வங்கித் தாளில் ஆங்கில எழுத்துக்களால் ஷண்முகமாகி, இனிஷியலைப் பெயருக்குப் பின்னே தள்ளிவிட்டுக் காட்சியளித்தார். வேறொருவர் இங்கே புனைபெயரிலும் அங்கே தகப்பனார் வைத்த பெயரிலும் இருந்தார். சிறுபத்திரிகை வாசிப்பவர்களில் பலருக்குப் புனைபெயர் உண்டு என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஓர் அம்மாள் கலியாணத்துக்கு முன் சந்தாதாரராகித் தகப்பனாரின் முதலெழுத்தோடு பதிவாகியிருந்தார். கணவரின் முதலெழுத்தோடு பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். மதுரையில் மீனாட்சிசுந்தரம் என்ற பெயருடையவர்கள் இருவர் இருந்தார்கள். பணம் வந்தது ஒருவரிடமிருந்து. எந்த ஒருவர் என்பதை வங்கி சொல்லவில்லை.

ஒரு தாளில் உள்ள பெயரைக் கொடுத்து, மற்றொரு தாளில் அப்பெயருக்கு நேரே இருப்பதை எடுத்துவா என்று ஏவுவதற்கு எக்செலில் ‘வி-லுக்அப்’ என்றொரு சூத்திரம் உண்டு. எதைத் தேடுவது, எந்த அட்டவணையில் தேடுவது, கண்டபின் எத்தனையாவது பத்தியிலிருந்து எடுப்பது, அச்சாக அதுவேதான் வேண்டுமா அல்லது ஏறக்குறைய இருந்தாலும் போதுமா என்னும் நான்கு விஷயங்களை அதற்குச் சொல்ல வேண்டும். நான்காவதைச் சொல்லாமல் விட்டால், ‘ஏறக்குறைய போதும்’ என்று அது தானே முடிவு செய்துகொண்டு, அட்டவணை ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருப்பதாகவும் பாவித்து, தேடிய பெயர் அகப்படாத இடத்தில் அதற்கு முந்தி நிற்க வேண்டிய பெயரின் கணக்கைக் கொண்டுவந்து, ஒரு கூச்சமும் இல்லாமல் கொடுத்துவிடும். நான் அதைச் சொல்லாமல் விட்டேன். அதன் பயனாக, ஒழுங்காகப் பணம் கட்டிய ஓர் ஆசிரியைக்கு நினைவூட்டுக் கடிதமும், மூன்று வருஷமாக ஒரு காசும் அனுப்பாத ஒருவருக்கு மனமார்ந்த நன்றிக் கடிதமும் போய்ச் சேர்ந்தன. பின்னவர் மறுநாளே சந்தா கட்டிவிட்டார் என்பது வேறு விஷயம்.

கிடைக்கவில்லை என்று ஒரு சூத்திரம் சொல்லும்போது நமக்கு எரிச்சல் உண்டாகிறது. உண்மையில் அது செய்யக்கூடிய மிக யோக்கியமான காரியம் அதுதான்.

பிறகு நண்பரும் நானும் உட்கார்ந்து சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தோம். பணம் அனுப்புகிறவர்கள் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று அட்டையின் உட்பக்கத்தில் அறிவிப்பும் போட்டோம். எண்ணுக்கும் அதற்குரிய சேஷ்டைகள் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. 0047 என்று எழுதினால், எக்செல் முன்னேயுள்ள பூஜ்யங்களை வீண் என்று கருதித் துடைத்துவிட்டு 47 என்று வைத்துக்கொள்கிறது. எண்ணாகவே பதிந்த 47-ம் எழுத்தாகப் பதிந்த 47-ம் நம் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். அதன் கண்ணுக்கோ ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடைவெளியே பொருத்தத்தைக் கெடுக்கப் போதுமானது. பதினைந்து இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பதினாறு இலக்கமுள்ள எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அடையாளத்துக்காக இட்ட எண், கூட்டவும் பெருக்கவும் ஏற்பட்ட எண்ணல்ல, வடிவத்தால் எண்ணாயினும் தன்மையால் அது ஒரு பெயர் என்ற பேதம், கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த அந்த யந்திரத்துக்குத் தானாகப் புரிவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

தனித்தனி அட்டவணைகளைப் பொதுவான ஓர் அடையாளத்தால் இணைப்பது என்ற சாமானியக் காரியத்துக்குக் கணித சாஸ்திரத்தின் அஸ்திவாரத்தை அமைத்துக் கொடுத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானமோட்டியாக இருந்து, பின்பு அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். கம்பெனியின் ஸான் ஹோஸே ஆராய்ச்சிச் சாலையில் பணியாற்றிய அவர், 1970-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரையில் கம்ப்யூட்டரில் சேமித்த விவரங்கள் மரத்தின் கிளைகளைப்போலவோ வலையைப்போலவோ ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. எந்தக் கிளை வழியே ஏறி எந்தக் கனியைப் பறிப்பது என்பதைத் தேடுகிறவன் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். காட் சொன்னது, அட்டவணைகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, இரண்டிலும் ஒரே மதிப்பு இருக்குமானால் அதுவே அவற்றுக்கு இடையேயுள்ள சம்பந்தம் என்பதாகும். கணித பரிபாஷையில் அட்டவணைக்கு அவர் இட்ட பெயரே ‘உறவு’ என்று பொருள்படுவது. நம் ஊரில் உறவென்றால் பத்திரிகையில் பெயர் போடாததற்குக் கோபித்துக்கொண்டு கலியாணத்துக்கு வராமலிருப்பது. அவர் கண்ட உறவில் கோபதாபம் ஒன்றும் கிடையாது, மதிப்பு ஒத்தால் உண்டு, ஒவ்வாவிட்டால் இல்லை. அந்தக் கட்டுரையின் வழிவந்த வேலைகளுக்காக 1981-இல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

ஒத்த மதிப்பாகப் பெயரையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள், வேறெந்த பாஷையில் கேட்டாலும், தமிழில் கேட்கக் கூடாது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பது அதன் பொருள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு வைத்த பெயரை இரண்டு தலைமுறை கழித்து மறுபடியும் வைப்பதையே உறவுமுறைச் சொல்லாக்கிக்கொண்ட ஜனங்கள் நாம். குடும்பப் பெயர் என்பதும் நம்மிடம் இல்லை; தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றுதான் உண்டு, அதுவும் தமிழெழுத்தா ஆங்கில எழுத்தா என்பது அவரவர் இஷ்டம். ஆங்கிலத்தில் எழுதும்போது நேரும் விபரீதங்களுக்கோ கணக்கில்லை. ஒலி ஒத்த பெயர்களை ஒன்றுசேர்ப்பதற்காக ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர் 1918-இல் காப்புரிமை பெற்ற ‘சவுண்டெக்ஸ்’ என்ற முறை ஒன்று உண்டு. பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துக்களை நீக்கி, ஓரினமான மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடுத்து, இன்று வழங்கும் வடிவில் மூன்று இலக்கத்தோடு நிறுத்துவது. வேடிக்கைக்காகச் சண்முகத்தை அதில் இட்டுப் பார்த்தேன். எஸ் எழுத்தில் தொடங்கும் சண்முகமும் எஸ்-எச் கொண்டு தொடங்கும் ஷண்முகமும் சமர்த்தாக ‘எஸ் 525’ என்று ஒரே வீட்டில் போய்ச் சேர்ந்தார்கள். இலங்கை வழக்கப்படி சி-எச் இட்டு எழுதும் சண்முகம் மட்டும் ‘சி 525’ என்று தனிக்குடித்தனம் போய்விட்டார். முதலெழுத்தே தடுமாறும் பாஷையை அந்த அமெரிக்கர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

ஊர்ப் பெயர்களின் நிலை இதைவிட உயர்ந்ததன்று. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றி ஆணையிட்டது. கோயம்புத்தூரின் புதிய கூட்டலைக் கண்டு ஊரே சிரித்ததோ கோபித்ததோ, சில தினங்களுக்குள் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. தபால் இலாகா இந்தத் தொல்லையை வெகு முன்பே உணர்ந்து, ஒரே பெயரில் பல ஊர்களும் ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்களும் உள்ள தேசத்தில் பெயரை நம்பிக் கடிதம் பட்டுவாடா செய்ய முடியாது என்று கண்டு, 1972 ஆகஸ்டு 15-இல் ஆறிலக்கப் பின்கோடை அமல்படுத்தியது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். அவர் ஸம்ஸ்கிருதத்தில் கவிதை இயற்றியவரும்கூட. ஊர்ப் பெயர்களின் அழகில் ஈடுபாடு உள்ள ஒரு கவிதான் அவற்றை இலக்கங்களுக்கு அடக்கினார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. பெயரின் அருமை தெரிந்தவருக்கே அதன்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதும் தெரியும் போலும்.

இந்த எண்ணங்களோடு அன்றிரவு நான் போய் நின்ற இடம் பத்திரிகைச் சந்தாவுக்கு வெகுதூரத்திலுள்ள ஓரிடம். ஆனால் விஷயம் ஒன்றே. சங்கச் செய்யுட்களின் அடிக்குறிப்பிலே பாடியவர் இன்னார், பாடப்பட்டவர் இன்னார் என்று காணப்படுகிறதே, அது ஓர் அட்டவணையின் வரிசையன்றி வேறென்ன? கபிலர் பெயர் புறநானூற்றில் பாரியோடும், பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் செல்வக்கடுங்கோ வாழியாதனோடும் சேர்ந்து நிற்கிறது. ஆகவே பாரியும் வாழியாதனும் ஏறக்குறைய ஒரே காலத்தவர் என்று நாம் சொல்லும்போது, இரண்டு தாள்களைக் கபிலர் என்ற பொது அடையாளத்தால் இணைத்துவிட்டுத்தான் சொல்கிறோம். இந்தக் காரியத்தை ஆதியோடந்தமாகச் செய்யப் புகுந்தவர் கே. என். சிவராஜ பிள்ளை. 1932-இல் சென்னைச் சர்வகலாசாலை வெளியிட்ட அவருடைய பண்டைத் தமிழர் காலவரையறை நூலின் நீண்ட தலைப்பிலேயே, அரசர், குறுநில மன்னர், புலவர் ஆகியோரின் சமகால அட்டவணைகளை ஆதாரமாகக் கொண்டது என்ற பிரகடனம் இருக்கிறது. காட் தம் கட்டுரையை எழுதுவதற்கு 38 வருஷங்களுக்கு முன்பு, காகிதத்தையும் பேனாவையும் தவிர வேறு சாதனமின்றி ஒரு தமிழ் அறிஞர் செய்த அட்டவணை இணைப்பு அது. அவர் முடிவுகளோடு மாறுபட்டவர்கள் பலர். அந்த முறையின் துணிவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

1940-இல் சைவசித்தாந்த மகாசமாஜத்துக்காக வையாபுரிப் பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியமோ, தொகைகளின் வேலியைப் பிரித்துவிட்டுப் பாடல்களையெல்லாம் புலவர் பெயர்வாரியாக அடுக்கித் தந்தது. அப்பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனால் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று வரும். இவை பெற்றோர் வைத்த பெயர்களல்ல. பாடியவர் பெயர் தெரியாமற்போகவே, பாட்டிலுள்ள தொடரையே எடுத்துப் புலவருக்குச் சூட்டியவை. இவற்றின் அழகை யாரே மறுப்பர்? ஆயினும் அட்டவணைக்காரனின் கண்ணோடு பார்த்தால் ஒரு துயரமும் புலப்படும். பாட்டிலிருந்தே பிறந்த பெயர் அந்தப் பாட்டைத் தவிர வேறெதையும் சுட்டாது. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடியவரே வேறொரு தொகையில் வேறொரு பாட்டையும் பாடியிருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வழி அந்தப் பெயரால் அடைபட்டுப்போயிற்று. ஒரே தாளில் மட்டும் உள்ள அடையாளம் எவ்வளவு தனித்துவமுடையதாயினும் எதையும் எதனோடும் இணைக்காது.

இதற்கு நேர்மாறான ஆபத்துக்கு ஔவையாரே சாட்சி. அதியமான் நெடுமானஞ்சியைப் பாடிய ஔவை ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய ஔவை அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஜனங்களின் ஞாபகமோ பெயர் ஒன்றாயிருக்கக் கண்டு எல்லா வரிசைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டது. நெல்லிக்கனி உண்டதனால் கிழவி நெடுங்காலம் வாழ்ந்தாள் என்று சொல்லிக் கம்பர் சபையிலும் அவளைக் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டது. 1953-இல் ஜெமினியார் எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் இந்த ஔவைகள் அனைவரையும் ஒரே குரலில் பாடித் தீர்த்தார். அந்தக் குரலைக் கேட்டபின் இவர்களைப் பிரிப்பதற்கு மனம் வருவதில்லை. நக்கீரர் விஷயத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராந் திருமுறையிலும் இருக்கிறது. ஒரே பாட்டு இரண்டு தாள்களிலும் இடம்பெற்றுவிட்டபடியால், சங்கத்து நக்கீரரும் சைவத்து நக்கீரதேவ நாயனாரும் ஒருவரே என்னும் இணைப்பு கேட்பாரின்றி நிலைபெற்றது.

ஆகவே அடையாளம் என்பது அர்த்தமற்றதாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அழகு, வம்சம், ஊர், பக்தி என்று ஏதேனும் ஓர் அர்த்தம் அதில் புகுந்துவிட்டால், அந்த அர்த்தம் மாறும்போது அடையாளமும் மாறும், அல்லது அந்த அர்த்தத்தை விரும்புகிறவர்கள் அதையே மறுபடியும் மறுபடியும் வைப்பார்கள். ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களில் ஜாதியோ ஜில்லாவோ பிறந்த தேதியோ ஒன்றும் மறைந்திருக்கவில்லை. கடைசி இலக்கம்கூட மற்றப் பதினொன்றில் எழுத்துப்பிழை நேர்ந்ததா என்று சோதிப்பதற்கே வைக்கப்பட்டது. அந்த வெறுமையே அதன் பலம். எல்லாத் தாள்களையும் இணைக்கவல்ல எண் ஒருவன் வாழ்க்கை முழுவதையும் ஒரே கயிற்றில் கோத்துவிடக்கூடுமே என்ற அச்சம் வேறு. அது நியாயமான அச்சம். வங்கிக் கணக்குக்கும் கைபேசிக்கும் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2018 செப்டம்பர் 26-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது அந்த அச்சத்தைப் பொருட்படுத்தியதனால்தான்.

கயிறு என்றது எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. பதிவேடுகளை இணைக்கும் இக்காரியத்துக்கு ஆங்கிலத்தில் முதன்முதல் பெயரிட்டு எழுதிய ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர அதிகாரி, 1946-இல், மனிதன் ஒவ்வொருவனும் ஜனனத்தில் தொடங்கி மரணத்தில் முடியும் ஒரு புஸ்தகத்தை உண்டாக்குகிறான், சிதறிக் கிடக்கும் அதன் பக்கங்களைச் சேர்த்துக் கட்டுவதே இந்த இணைப்பு என்ற கருத்தை வெளியிட்டார். அவருக்குத் தோன்றியது பைண்டு செய்த புஸ்தகம். நமக்குத் தோன்ற வேண்டியது ஓலைச்சுவடி. ஏடுகளை ஒன்றுசேர்ப்பது துளை வழியே ஓடும் கயிறு. ஆனால் கயிறு என்றேனும் அற்றுப்போகும். அற்றபின் ஏடுகளை மீண்டும் முறைப்படி அடுக்க உதவுவது ஓரத்தில் எழுதியிருக்கும் ஏட்டெண் ஒன்றுதான்.

சந்தாக் கணக்கு முடிவில் எப்படியாயிற்று என்றால், எண் கொடுத்து இணைத்தபின்னும் இரண்டு தாள்களிலும் பொருந்தாத வரிசைகள் சில எஞ்சின. இங்கேதான், இணைப்பதில் இருவகை உண்டு என்பதை ஊன்றிச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு தாள்களிலும் உள்ளவர்களை மட்டும் காட்டு என்று கேட்கலாம். அப்போது விடை துப்புரவாக, ஓர் ஓட்டையுமின்றி வரும், பொருந்தாதவர்கள் இருந்த சுவடே தெரியாமல் மறைந்துபோவார்கள். முதல் தாளில் உள்ளவர் அனைவரையும் காட்டு, துணை கிடைக்காதவருக்கு நேரே வெறுங்கட்டத்தை வை என்றும் கேட்கலாம். விடை அலங்கோலமாக இருக்கும், ஆனால் ஒருவரும் காணாமற்போக மாட்டார். சந்தாக் கணக்கில் இது ஒரு கடிதம் தவறுவதோடு போகும். அரிசிக்கும் முதியோர் பென்ஷனுக்கும் ஜாபிதாக்களை இணைக்கும் ஆபீஸில், முதல்வகைக் கேள்வியைக் கேட்டுவிட்ட ஒரு குமாஸ்தாவினால் ஒரு கிழவியின் பெயர் எந்தத் தாளிலிருந்தும் அடிக்கப்படாமலேயே அழிந்துபோகக் கூடும். அவளுக்கு அநியாயம் செய்தவர் என்று ஒருவரையும் சுட்ட முடியாது. நாங்கள் இரண்டாம்வகையில் கேட்டு, வெறுங்கட்டங்களை ஒவ்வொன்றாக விசாரித்தோம். ஒருவர் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது; அவருடைய மகன் தகப்பனார் பெயருக்கு வரும் பத்திரிகையை நிறுத்த மனமின்றித் தம் பெயரில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வரிசையை எப்படித் திருத்துவது என்று நண்பர் கேட்டார். திருத்த வேண்டாம் என்றேன்.

புறநானூற்றைச் சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்தார். அதன் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது; அதற்கு அடுத்த 267, 268 என்னும் இரண்டு பாடல்கள் கிடைக்கவேயில்லை. கிடைக்காதவற்றை விட்டுவிட்டு அடுத்ததை 267 என்று எண்ணியிருந்தால் நூல் துப்புரவாக இருந்திருக்கும். 398 பாட்டுள்ள ஒரு நூலுக்கு நானூறு என்று ஏன் பெயர் வந்தது என்று நாமும் வியந்துகொண்டிருப்போம். அப்படி நேரவில்லை. இரண்டு எண்கள் பாட்டின்றி நிற்கின்றன. அவற்றை அடுத்து ஔவையார் பாடிய பாட்டு வருகிறது. அதன் எண் இன்றும் 269.